பிசான வயலில் கரிசல் வானம்

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். முதல் நாவல் பாதியில் நிற்கிறதாம். கி. ராஜநாராயணனைப் படித்தால் அந்த வாரம் முழுக்க கி.ரா. மாதிரியே எழுத்து வருகிறது, வண்ணநிலவனைப் படித்தால் அவர் மாதிரி வருகிறது. முடிக்கும்வரை வாசிப்பையே நிறுத்திவிடலாமா, இல்லையென்றால் எதைத்தான் படிப்பது என்பது கேள்வி. மொழிபெயர்ப்பு நாவல்கள் படிக்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறார்.

நிறுத்தாதீர்கள், தம்பி. நிறுத்தியும் ஒன்றும் ஆகப்போவதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை படித்ததெல்லாம் ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று. இனிமேல் கதவைச் சாத்தி என்ன செய்ய?

நடை என்பது ஒட்டுவாரொட்டிதான். நல்ல எழுத்தாளர் என்றால் இன்னும் சீக்கிரம் ஒட்டும். ஆனால் அது மேலோடு ஒட்டுகிற சங்கதி. முதல் வரைவு முடிந்ததும் வாய்விட்டுப் படித்தால் எந்த வாக்கியம் யாருடையது என்று காதே காட்டிக்கொடுத்துவிடும், அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பதிப்பகங்களுக்குப் பிரதி திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. முதல் நாவல்கள் நிறைய என் மேசைக்கு வரும். நடையில் இருக்கும் கடனைப் பார்த்து நான் கவலைப்பட்டதே இல்லை. கவலையெல்லாம் வேறொன்றைப் பற்றி. எழுதுகிறவர் தான் பார்த்ததை விட்டுவிட்டு, படித்ததையே பார்த்ததாக நம்பி எழுதிவிடுகிறார். இதை வாய்விட்டுப் படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. வாக்கியம் நன்றாகவே இருக்கும்.

ஒரு பிரதி சொல்கிறேன். கதை நடப்பது சேரன்மகாதேவிப் பக்கம். முதல் அத்தியாயத்திலேயே அப்பா வரப்பில் நின்று நெற்றியில் கைவைத்து வானத்தைப் பார்க்கிறார். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. மேகம் வருகிறது, ஏமாற்றிவிட்டுப் போகிறது. மூன்று பக்கம், உண்மையிலேயே அழகான எழுத்து. ஆனால் அந்த ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிற பூமி. அங்கே சம்சாரி, அதாவது விவசாயி, முதலில் விசாரிப்பது பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, கால்வாயில் எப்போது திறக்கிறான் என்பதைத்தான். வானம் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம். வெடித்த நிலமும் ஏமாற்றும் மேகமும் கோவில்பட்டிக் கரிசலுக்கு உரியவை. அதை எழுதியவர்கள் அவ்வளவு பலமாக எழுதிவிட்டதால், தண்ணீர் ஓடுகிற ஊரில் பிறந்த பிள்ளைக்கும் விவசாயம் என்றாலே கரிசல்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்தப் பிரதியை எழுதிய தம்பி விட்டதைப் பாருங்கள். கால்வாய்ப் பாசனத்தில் எத்தனை கதை கிடக்கிறது! தலைமடைக்காரன் ராத்திரியில் கூடுதலாகத் திருப்பிவிடுவது, கடைமடைக்காரன் டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாக வரப்பிலேயே காவல் கிடப்பது, அண்ணன் தம்பிக்குள்ளேயே முறைத்தண்ணீருக்குப் பேச்சு நின்றுபோவது. பகலில் ஒரே கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ராத்திரி மடையில் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், அவற்றில் நிரம்பும் குளங்கள் என்று இந்த ஊர்களின் உறவும் பகையும் ஏறக்குறைய தண்ணீர் போகிற வழியிலேயே போகும். அச்சில் அதிகம் படிக்காததால் அந்தத் தம்பிக்கு அது கதையாகவே படவில்லை.

வாசிப்பு நம்மை வளைப்பது இந்த இடத்தில்தான். எதைக் கதை என்று நினைக்க வேண்டும், எதைச் சாதாரணம் என்று தாண்டிப்போக வேண்டும் என்பதை நாம் படித்த புத்தகங்கள் நமக்குத் தெரியாமலேயே தீர்மானித்துவிடுகின்றன.

இதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் ஒரே ஊர், இடைசெவல். இருவரும் பிறந்தது 1923. அதே தெருக்கள், அதே கரிசல், அதே சிநேகிதம், சங்கீதப் பைத்தியம்கூட இருவருக்கும் பொது. பிறந்த மண் மட்டுமே எழுத்தைத் தீர்மானிக்குமென்றால் இருவரும் ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அழகிரிசாமி சென்னைக்குப் போனார், பிறகு மலாயாவில் பத்திரிகை வேலை பார்த்தார். கம்பனில் ஆழ்ந்தார், காவடிச்சிந்தைப் பதிப்பித்தார், ரஷ்ய எழுத்தாளர் கார்க்கியைத் தமிழில் கொண்டுவந்தார். அவருடைய கதைகளில் கதை சொல்கிறவர் ஓரமாக ஒதுங்கி நிற்பார். குரல் உயராது. வாக்கியம் யாருக்கும் புரிகிற பொதுத்தமிழ்.

கி.ரா. ஊரிலேயே இருந்து விவசாயம் பார்த்தார். படித்தவர்தான், ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தில் கம்பன் பாட்டைக் கேட்டு ரசித்தவர்தான். ஆனால் அவர் வாசிப்பில் பெரும்பகுதி காதால் நடந்தது. நாட்டுப்புறக் கதை, சொலவடை, வசவு, கிழவிகள் பேச்சு எல்லாவற்றையும் சேகரித்தார். கரிசல் சொற்களுக்கு அகராதியே போட்டார். 1976-இல் வந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலில் கதை போகிற விதம் நீங்கள் கவனிக்க வேண்டியது. பழைய கதையைப் பாட்டி சொல்லத் தொடங்குவார், அது ஒரு கிளையில் ஏறும், அங்கிருந்து இன்னொன்றில் தாவும். ஐரோப்பிய நாவல் படித்துப் பழகிய கண்ணுக்கு அதில் கட்டுக்கோப்பு இல்லை என்று தோன்றலாம். கதை கேட்டுப் பழகிய காதுக்கு எந்தக் குறையும் தெரியாது. கி.ரா.வின் வட்டார வார்த்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். அவர் கதையை நகர்த்தும் அந்த விதத்தைக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு. நீங்கள் எடுப்பதாக இருந்தால் இரண்டாவதை எடுங்கள்.

புதுமைப்பித்தனையும் இந்த நோக்கில் பாருங்கள். மேலைநாட்டுக் கதைகளை விழுந்து விழுந்து படித்தவர், பலவற்றைத் தமிழாக்கினவர். அவர் கதைகள் சிலவற்றைத் தழுவல் என்று சொல்லிச் சண்டை போட்டவர்களும் உண்டு. மொழிபெயர்ப்பு என்பது மிக மெதுவான வாசிப்பு. ஒரு வாக்கியத்தை அக்கரையிலிருந்து இக்கரைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், அது ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அப்படிப் படித்தவரின் கையில் திருநெல்வேலிப் பிள்ளைமார் பேச்சு வந்து சேர்ந்தபோதுதான் அந்தக் குத்தலும் வேகமும் பிறந்தன. ‘துன்பக்கேணி’ வாசவன்பட்டியில் தொடங்கி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கதை. ஊர்க்கதையை ஊருக்குள்ளேயே அடைத்துவைக்க வேண்டியதில்லை என்கிற துணிச்சல் அவருக்கு எட்டூரும் படித்ததால் வந்தது என்பது என் ஊகம்.

தொ.மு.சி. ரகுநாதன் கார்க்கியின் ‘தாய்’ நாவலை மொழிபெயர்த்தவர். 1953-இல் வந்த அவருடைய ‘பஞ்சும் பசியும்’ கைத்தறி நெசவாளர் வாழ்வைச் சொல்கிறது. அதில் கார்க்கியின் பாதிப்பு வெளிப்படையாகவே தெரியும், அவர் அதை மறைக்கவும் நினைக்கவில்லை. பட்டினிக்குக் காரணம் விதியா சந்தையா என்ற கேள்வியை அந்த வாசிப்பு அவர் கையில் கொடுத்தது, நாவல் அதைச் சுற்றியே கட்டப்பட்டது. அதற்கு ஒரு விலையும் உண்டு. சில இடங்களில் மனிதர்கள் கேள்விக்குப் பதில் சொல்லவே பிறந்தவர்கள் மாதிரிப் பேசுவார்கள். தோப்பில் முகமது மீரான் மலையாளத்தில் பள்ளிப்படிப்பு படித்தவர். திருநெல்வேலியில் வியாபாரம் செய்துகொண்டே தன் சொந்த ஊரான தேங்காய்ப்பட்டணத்தை எழுதினார். அவருடைய தமிழின் தனி ருசிக்கு அந்த மலையாளமும் ஒரு காரணம்.

சரி, நீங்கள் எதைப் படிக்க வேண்டும்? நாவல் எழுதும்போது நாவலைவிட நாவல் அல்லாதவை அதிகம் உதவும் என்பேன். மூன்று சொல்கிறேன். முதலாவது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லுப்பாட்டு. உங்கள் பக்கத்தில் கோவில் கொடை நடக்காத ஊர் ஏது! இதுவரை போகாவிட்டால் இந்த வருஷம் போய் ராத்திரி முழுக்க உட்காருங்கள். வில், குடம், உடுக்கை, கட்டை, ஜால்ரா. புலவர் வீசுகோலை வில்லில் தட்டிப் பாடுவார், பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். காப்பு, அவையடக்கம், நாட்டுவளம் என்று சாவகாசமாகத் தொடங்கி அப்புறம்தான் கதைக்குள் இறங்குவார்கள். கதையின் வேகத்தைப் புலவர் எப்படிக் கூட்டிக் குறைக்கிறார் என்று பாருங்கள். சாமி வருகிற நேரத்துக்குக் கதை அந்தக் கட்டத்துக்கு வந்து சேர வேண்டும். நேரம் இருந்தால் ஒரு கிளைக்கதையைச் சேர்த்து இழுப்பார், இல்லையென்றால் பத்துப் பாட்டை ஒரே வசனத்தில் தாண்டுவார். எங்கே நீட்டுவது, எங்கே தாண்டுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த எழுத்துப் பட்டறையிலும் கிடையாது.

கேட்டதோடு நிறுத்தாமல் அச்சிலும் படியுங்கள். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதைப்பாடல்கள் பலவற்றைத் தேடிப் பதிப்பித்தவர். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணக் குடும்பத்துப் பட்டன், பொம்மக்கா திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்துச் சகோதரிகளைக் கண்டு மயங்குகிறான். பெண் வேண்டுமென்றால் பூணூலை அறு, எங்கள் தொழிலைச் செய் என்கிறார் அவர்கள் அப்பா. செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். மாடு காக்கும் சண்டையில் செத்துப்போகிறான், பெண்கள் தீயில் இறங்குகிறார்கள். காரையாறு சொரிமுத்தையனார் கோவிலில் இன்றைக்கும் பட்டவராயன் என்ற பெயரில் சாமியாகிவிட்ட அவனுக்குச் செருப்பு செய்து காணிக்கை போடுகிறார்கள்.

இந்தக் கதைக்கே இன்னொரு வடிவம் உண்டு. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று அதில் வரும். இந்தப் பகுதி பிற்பாடு சேர்க்கப்பட்டது என்றும், ஏன் சேர்க்க வேண்டியிருந்தது என்றும் வானமாமலை பேசியிருக்கிறார். நாவல் எழுதுகிறவன் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு வடிவத்தை மட்டும் படித்தவனுக்கு ஒரு காதல் கதை கிடைக்கும். இரண்டையும் படித்தவனுக்கு, அந்தக் காதலைப் பொறுக்க முடியாமல் பாட்டையே மாற்றிய ஊர் முழுக்கக் கிடைக்கும். எனக்கென்னவோ இரண்டாவதுதான் நாவல். உங்கள் குடும்பத்திலும் இப்படி இரண்டு விதமாகச் சொல்லப்படும் கதை ஒன்று கட்டாயம் இருக்கும். ஆச்சி ஒரு மாதிரி சொல்லுவாள், பெரியப்பா ஒரு மாதிரி சொல்லுவார். எது நிஜம் என்று நீங்கள் பஞ்சாயத்து பண்ண வேண்டாம். எந்த இடத்தில் இருவரும் வேறுபடுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பழைய பத்திரங்கள். வீட்டு டிரங்குப் பெட்டியில் கிரயப் பத்திரமோ பாகப் பிரிவினையோ இருந்தால் எடுத்து நிதானமாகப் படியுங்கள். மாதிரிக்கு இப்படி இருக்கும்: ‘எனது குடும்ப அவசியச் செலவுக்காகவும், என் மூத்த மகள் கலியாண வகையில் ஏற்பட்ட கடனைப் பைசல் செய்யும் பொருட்டும்’ என்று காரணம் வரும். பிறகு செக்குபந்தி. வடக்கே யார் நிலம், கிழக்கே எந்த வண்டிப்பாதை, தெற்கே எந்த வாய்க்கால். ‘மேற்படி கிணற்றில் எட்டில் ஒரு பங்கும், கிணற்று மேட்டில் நிற்கும் இரண்டு தென்னையில் மேலத் தென்னையும்’ என்று போகும். முடிவில் கைநாட்டு, சாட்சிகள்.

எட்டில் ஒரு பங்கு கிணறு என்றால் என்ன? வாரத்தில் ஒரு நாள்கூட முழுசாகத் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். ஒருவருக்கு மேலத் தென்னை, இன்னொருவருக்குக் கீழத் தென்னை என்றால் விழுகிற தேங்காய் யாருக்கு? பத்திரம் எழுதுகிறவருக்கு இலக்கிய ஆசை ஏதும் கிடையாது. ஒரு தகராறுக்கும் இடம் வைக்கக்கூடாது என்பதற்காக ஒரே வாக்கியத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போவார். அந்தக் கவனத்தினாலேயே தகராறு எங்கே வரும் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். ‘நிலத்தை விற்றார்கள்’ என்று ஒற்றை வரியில் முடிகிற அத்தியாயங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பத்திரம் படித்த கை அப்படி எழுதாது.

மூன்றாவது, நாவல் பழைய காலத்துக்குப் போகிறதென்றால், வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்தவை. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் திருநெல்வேலிச் சரித்திரத்தை 1881-இல் எழுதினார். பேட் என்ற அதிகாரி தொகுத்த மாவட்ட கெசட்டியர் 1917-இல் வந்தது. தகவல் சுரங்கம்தான். ஒரு எச்சரிக்கை மட்டும். அவற்றில் மூழ்கி எழுந்தால் நம் சனங்களைப் பற்றியே ‘இவ்வினத்தார் உழைப்பாளிகள், ஆனால் கலகப் பிரியர்கள்’ என்கிற ரீதியில் எழுத வந்துவிடும். குதிரைமேல் உட்கார்ந்து பார்க்கும் பார்வை அது. பூமணி ‘அஞ்ஞாடி’யில் கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களை எழுதினார். 2012-இல் வந்த, ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நாவல். ஆவணங்களுக்குள் போய் வந்த எழுத்து அது. ஆனால் அதில் அதிகமாகக் கேட்பது சம்சாரிகளும் சலவைத் தொழிலாளியும் பேசும் பேச்சு. ஆவணத்தை எவ்வளவு தூரம் உள்ளே விடலாம் என்று பார்க்க அதைப் படியுங்கள். அவசரமில்லை, உங்கள் நாவல் முடிந்த பிறகு போதும்.

பேச்சு வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை. உரையாடலை மட்டும் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்காதீர்கள். திருநெல்வேலித் தமிழ் என்று ஒன்று கிடையாது. டவுன் ரதவீதிப் பேச்சு வேறு, கரிசல் வேறு, செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் வேறு, மணப்பாடு, உவரிக் கடற்கரை வேறு. ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு மாறும். சினிமா பார்த்துவிட்டு வாக்கியத்துக்கு ஒரு ‘ஏலே’ போடுகிறார்கள், படிக்க முடிவதில்லை. உங்கள் அம்மா கோபத்தில் பேசுவதும் சமாதானத்தில் பேசுவதும் வித்தியாசப்படும் இடத்தைப் பிடித்தாலே போதும்.

எழுதிக்கொண்டிருக்கும் மாதங்களில் என்ன செய்வது என்றால், உங்கள் நாவலின் களத்துக்குப் பக்கத்தில் வரும் நாவல்களை மட்டும் தள்ளிவையுங்கள். களமும் தொனியும் தூரமாக இருப்பதைப் படிக்கலாம். ஒரு அத்தியாயம் முட்டிக்கொண்டு நிற்கும்போது மட்டும் வேறு மாதிரி ஒரு வாசிப்பு உதவும். அதே சிக்கலை இன்னொருவர் எப்படித் தீர்த்தார் என்று பார்க்கிற வாசிப்பு. உதாரணமாக, உங்களுக்கு மையமான ஆள் யாரும் அமையவில்லை, தெருவே நிறைய ஆட்களாக இருக்கிறது என்றால் ‘ரெயினீஸ் ஐயர் தெரு’வை எடுத்துப் பாருங்கள். பாளையங்கோட்டையின் ஒரு சின்னத் தெரு, சில வீடுகள், பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு வண்ணநிலவன் எதைப் பிடித்துக்கொண்டு போகிறார் என்று பென்சிலால் குறியுங்கள். மழையா, ஒரு பார்வையா, ஒரு விசாரிப்பா? குறித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிடுங்கள். அந்த வாக்கியங்களின் மென்மையில் நனைய ஆரம்பித்தால் நீங்கள் சொன்ன வியாதி வந்துவிடும்.

மொழிபெயர்ப்புகளைத் தாராளமாகப் படிக்கலாம். டால்ஸ்டாயும் தஸ்தயெவ்ஸ்கியும் மலிவு விலையில் தமிழில் கிடைத்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் புத்தகங்கள் இல்லாவிட்டால் என் தலைமுறையில் பாதிப் பேர் எழுதவே வந்திருக்க மாட்டார்கள். ஒரு மனிதன் தனக்குள்ளேயே பத்துப் பக்கம் வாதாடலாம், அதையும் வாசகன் விடாமல் படிப்பான் என்பதை அவைதான் காட்டின. அங்கிருந்து வேண்டாததாக வந்து சேருவது உடம்பசைவு. பிரதிகளில் அம்பாசமுத்திரத்து ஆட்கள் தோளைக் குலுக்குகிறார்கள், புருவத்தை உயர்த்துகிறார்கள், ஜன்னலருகே போய் நின்று பெருமூச்சு விட்டுத் திரும்புகிறார்கள். நம்ம ஊர் வீட்டில் வாக்குவாதம் நடக்கும்போது ஆண்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவான், இல்லையென்றால் சாப்பாட்டுத் தட்டில் கையைக் கழுவுவான். பெண்கள் பாத்திரம் வைக்கும் சத்தத்தைக் கூட்டுவார்கள். பெரியவர்கள் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ‘அப்ப நான் வாரேன்’ என்று எழுந்துவிடுவார்கள். எழுதி முடித்த அத்தியாயங்களை இந்த ஒன்றுக்காக மட்டும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். தோள் குலுங்குகிற இடங்களிலெல்லாம் உங்கள் ஊர் ஆள் அங்கே என்ன செய்வார் என்று யோசித்து மாற்றி எழுதிவிட்டு, அப்புறம் அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.